பத்தைக் கழித்து எழுதியவர்

எடை மெஷின் ரிப்பேர் பார்க்கிறவரைக் கட்டிக்கொண்டால் ஒரு தொல்லை உண்டு. எதைப் பார்த்தாலும் அது சரியாகக் காட்டுகிறதா என்று சந்தேகப்படுவார். சுவர்க் கடிகாரம், வண்டியின் பெட்ரோல் முள், பால்காரரின் அளவுக் குவளை, ஒன்றும் தப்பாது. நம்முடைய ஆளும் அந்த ரகம்தான். காலையிலிருந்து மாலை வரை டயல்களுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு முள்ளைத் திருப்பிக்கொண்டே இருப்பதால் தெருவில் அவருக்கு முள்ளுக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமை.

அவருடைய தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பழைய தராசு ஒன்று எப்போதும் ஐந்து கிராம் கூடுதலாகக் காட்டுகிறது, பிரித்து மாட்டினாலும் திருந்தவில்லை என்றால் தூக்கிப் போட மாட்டார். ஒரு சின்ன காகிதத்தில் ‘திருத்தம்: குறை 5’ என்று எழுதி அதன் நெற்றியில் ஒட்டிவிடுவார். எடை போடுகிறவர் ஐந்தைக் கழித்துக்கொண்டால் கணக்கு சரி. "மெஷின் தப்பாக் காட்டுறது பெரிய விஷயமே இல்ல. எவ்வளவு தப்புன்னு தெரிஞ்சுட்டா அது நல்ல மெஷின்தான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

இன்னொரு கொள்கையும் உண்டு. பேட்டரி போட்டு எண் காட்டும் மெஷினை அவர் மனிதனாகவே மதிப்பதில்லை. முள் இருந்தால்தான் மெஷின். "முள்ளு நடுங்கும், தயங்கும், அப்புறம் ஒரு இடத்துல நிக்கும். யோசிச்சுச் சொல்லுது பாருங்க. நம்பர் மெஷின் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டுப் போயிடும்."

அவர் மனைவி சட்டைக் கம்பெனியில் செக்கர். தைத்து வருகிற சட்டைகளை மேஜையில் விரித்து, காலர் கோணலா, பொத்தான் விட்டுப்போயிருக்கா, தையல் பிரிந்திருக்கா என்று பார்த்துப் பழுதானதை ஒதுக்கும் வேலை. புருஷன் மெஷினில் குறை கண்டுபிடிக்கிறவர், பெண்டாட்டி சட்டையில் குறை கண்டுபிடிக்கிறவள். பொருத்தம் பார்த்துத்தான் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று கேலி செய்யாதவர்கள் கிடையாது. வீட்டில் சண்டை வந்தால் பட்டியல் போட்டுத்தான் சண்டை.

அவளுக்கு ஆறு வருஷமாக பிரஷர். நாலு வருஷத்துக்கு முன்னால் முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதத்தில் பிரஷர் எக்கச்சக்கமாக ஏறி, பிள்ளை உள்ளேயே போய்விட்டது. அதற்கப்புறம் இரண்டு பேரும் குழந்தை என்ற பேச்சையே எடுக்கவில்லை. எடுக்காமலே இருந்துவிட்டு, அவளுக்கு முப்பத்தெட்டு முடிகிற வருஷம் மறுபடி கரு நின்றது. அவள் அந்தச் செய்தியைச் சொன்ன விதம்கூட அவருக்கு ஞாபகம் இருக்கிறது. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "இந்தத் தடவை விடக்கூடாதுங்க" என்றாள். அவர், எதை என்று கேட்கவில்லை.

டாக்டரம்மா ஒளிக்காமல் பேசுகிறவர். விரலை மடக்கி மடக்கிச் சொன்னார்.

"கர்ப்பத்துக்கு முன்னாடியே உங்களுக்கு பிரஷர் இருக்கு, அது ஒண்ணு. போன தடவையும் இதே பிரச்னை வந்திருக்கு, ரெண்டு. வயசு, மூணு. எடை, நாலு. உங்க அம்மாவுக்கும் உங்களைப் பெத்தப்ப வலிப்பு வந்ததுன்னு சொன்னீங்க, அஞ்சு. இதுல ஒண்ணு ரெண்டு இருந்தாலே நாங்க கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்ப்போம்."

"பள்ளிக்கூடத்துல நான் அஞ்சுக்கு அஞ்சு வாங்கினதே இல்ல டாக்டர்" என்றாள் அவள். டாக்டரம்மா சிரித்தார். முள்ளுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நோய்க்கு டாக்டரம்மா சொன்ன ஆங்கிலப் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. அர்த்தம் மட்டும் நுழைந்தது. பிரஷர் ஏறும், சிறுநீரில் புரதம் போகும், சிறுநீரகமும் ஈரலும் கெடும், முற்றினால் வலிப்பு. பிள்ளைக்குப் போகிற ரத்தம் குறையும். தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. முன்கூட்டித் தெரிந்தால் மாத்திரையைக் கூட்டலாம், ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கலாம், ஊசி போட்டுப் பிள்ளையின் நுரையீரலைத் தயார் செய்யலாம்.

"வீட்டுல தினம் காலையில சாயங்காலம் பிரஷர் பார்த்து ஒரு நோட்டுல எழுதுங்க. மேல் நம்பர் நூத்தி நாற்பதைத் தொட்டா அன்னைக்கே வாங்க. யார் எழுதுவீங்க?"

"நான் எழுதறேன்" என்றார் முள்ளுக்காரர். அளக்கிற வேலையை வேறு யாரிடமாவது கொடுப்பாரா?

வீட்டுக்கு ஒரு மெஷின் வாங்கினார்கள். பேட்டரி மெஷின்தான் கிடைத்தது. கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினால் தானே ஊதி, தானே இறங்கி, எண் காட்டும். முள் இல்லை. முதல் நாளே அவருக்கு அதைப் பிடிக்கவில்லை.

நாலாம் மாதச் செக்கப்புக்குப் போகும்போது அதையும் பையில் போட்டு எடுத்துப்போனார். கிளினிக்கில் சுவரில் மாட்டிய டயல் மெஷின். வட்ட முகம், கறுப்பு முள். நர்ஸ் பார்த்ததும் நூற்று இருபத்தாறு. உடனே அவர் தன் மெஷினை அதே கையில் கட்டினார். நூற்று முப்பத்தாறு. மறு கையில் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அங்கேயும் அதே பத்து வித்தியாசம்.

"உங்க மெஷின் கொஞ்சம் கூடக் காட்டுது போல" என்றார் நர்ஸ்.

"நெனச்சேன்" என்றார் முள்ளுக்காரர். அவர் முகத்தில் ஜெயித்த களை.

வீட்டுக்கு வந்ததும் காகிதத்தை வெட்டி, ‘திருத்தம்: குறை 10’ என்று எழுதி மெஷினின் அடியில் ஒட்டினார். அன்று முதல் மெஷின் காட்டுகிற எண்ணில் பத்தைக் கழித்து நோட்டில் எழுதினார். கழித்தது என்று தனியாகக் குறிக்கவில்லை. கழித்தபின் வருவதுதான் அவர் கணக்கில் நிஜமான எண். நிஜத்தைத்தானே எழுத வேண்டும்? அவளும் எண்ணைப் பார்ப்பதில்லை. பார்த்தால் படபடப்பு வருகிறது, படபடப்பில் பிரஷர் ஏறுகிறது என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "எவ்வளவுங்க?" என்பாள். அவர் சொல்லுவார். அவள் மூச்சை விடுவாள்.

நூற்று இருபத்தெட்டு. நூற்று முப்பது. நூற்று முப்பத்திரண்டு. நோட்டைப் பார்த்து டாக்டரம்மாவே பாராட்டினார். "இப்படி எழுதற புருஷன் கிடைக்கணுமே. எழுத்துகூட முத்து முத்தா இருக்கு." அன்று வீடு திரும்பும்வரை அவர் கால் தரையில் படவில்லை. ஆறாம் மாதம் எண் நூற்று முப்பத்தாறு, முப்பத்தேழு என்று ஏறியது. நாற்பதைத் தொடவில்லை. கிளினிக் டயலும் அதையேதான் சொன்னது. மாத்திரை அதே அளவில் நின்றது. வயிற்றில் பிள்ளை உதைத்தது. ராத்திரி இல்லை, பகலில்தான் உதைக்கும், அதுவும் சட்டைக் கம்பெனியில் மெஷின் சத்தம் உச்சத்தில் இருக்கும்போது. "உங்க பிள்ளைக்கு ரிப்பேர்க் கடை ஆகாது, தையல்தான்" என்று சீண்டுவாள்.

இருபத்தேழாம் வாரம். காலையில் பட்டையைக் கட்டும்போது அவள், "ரெண்டு நாளா மண்டை பிளக்குதுங்க. கண்ணை மூடினா பளிச் பளிச்சுன்னு ஏதோ தெரியுது" என்றாள். மெஷின் நூற்று நாற்பத்தொன்பது காட்டியது. அவர் முப்பத்தொன்பது என்றார். "நாற்பதைத் தொடலியே. தூக்கம் பத்தல உனக்கு. இன்னைக்கு லீவு போடேன்."

"இன்னைக்கு லோடு போகுது, லீவு கேட்டா சூப்பர்வைசர் மூஞ்சியைத் தூக்கிக்குவாரு. முப்பத்தொன்பதுதானே, போயிட்டு வந்துடறேன்."

போய்விட்டாள்.

பதினோரு மணிக்கு கிளினிக் ஆயாம்மா கடைக்கு வந்தார். கையில் மஞ்சள் பை. "சிஸ்டர் கொடுத்துவிட்டாங்க. ஊதினா காத்து நிக்க மாட்டேங்குதாம். அப்படியே எல்லாத்தையும் பார்த்துக் கொடுத்துடுவீங்களாம்" என்றார். பையில் இருந்தது அந்தச் சுவர் டயல்.

அவர் ரப்பர்க் குழாயில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்து மாற்றினார். பத்து நிமிஷ வேலை. பிறகு வழக்கம்போல், பிரஷர் டயல்களைச் சரிபார்க்கக் கடையில் வைத்திருந்த பழைய பாதரசக் குழாயோடு டயலை இணைத்து ஊதினார். பாதரசம் நூற்று ஐம்பதில் நின்றது. முள் நூற்று நாற்பதில் நின்றது. மறுபடி ஊதினார். பாதரசம் நூற்று நாற்பது, முள் நூற்று முப்பது.

டயலின் கண்ணாடியைக் கழற்றினார். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் முள் கீழே இறங்காமல் தடுக்க ஒரு குட்டி ஊசி நட்டிருந்தது. முள் அதன்மேல் சாய்ந்துகொண்டு பூஜ்யத்தில் நிற்பதுபோல நடித்தது. ஊசியை எடுத்தார். முள் சடாரென்று பூஜ்யத்துக்குக் கீழே பத்து அளவுக்கு இறங்கித் தொங்கியது.

முள்ளைத் தடுக்கும் ஊசி வைத்த டயலின் பூஜ்யத்தை நம்பாதே. இந்தத் தொழிலில் அரிச்சுவடி அது. வேறு யாருடைய டயலாக இருந்தாலும் முதலில் அதைத்தான் பார்த்திருப்பார். அன்று கிளினிக்கில், முள் இருக்கிறது என்பதற்காகவே அதை நம்பிவிட்டார். முள் இல்லை என்பதற்காக வீட்டு மெஷினைப் பொய்யனாக்கிவிட்டார். வீட்டில் உண்மை சொன்னது அது ஒன்றுதான், அதையும் திருத்திவிட்டார்.

ஆயாம்மா ஏதோ கேட்டார். அவர் காதில் விழவில்லை. மனசு கூட்டிக்கொண்டே போனது. நூற்று நாற்பது, நாற்பத்திரண்டு, நாற்பத்தாறு, நாற்பத்தேழு, நாற்பத்தொன்பது. ஐந்தாம் மாதத்திலேயே தொட்டுத் தாண்டிவிட்டது. கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடினார்.

சட்டைக் கம்பெனியில் அவள் மேஜையில்தான் இருந்தாள். ஒரே சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் சிரித்தாள். முகம் ஊதியிருந்தது. காலையில் இந்த வீக்கம் இருந்ததா, இல்லையா? அவருக்குத் தெரியவில்லை. காலையில் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, எண்ணைத்தான் பார்த்தார்.

"இங்க பாருங்க கூத்தை, இந்தச் சட்டைக்கு ரெண்டு காலர் தெரியுது எனக்கு" என்றாள்.

ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரி. நூற்று எழுபத்தாறு, கீழே நூற்றுப் பதினாலு. சிறுநீரில் புரதம் தாராளமாகப் போய்க்கொண்டிருந்தது. வலிப்பு வராமல் இருக்க ஊசி, பிள்ளையின் நுரையீரலுக்கு ஊசி. இரண்டாவது ஊசிக்கு இருபத்துநாலு மணி நேரம் வேண்டும் என்றார்கள். அவள் உடம்பு அவ்வளவு நேரம் தரவில்லை. மறுநாள் காலையில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள்.

பெண் பிள்ளை. உயிரோடு இருந்தது. உள்ளங்கை நீளத்துக்குக் கால். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். நர்ஸ் அதைத் தராசில் வைத்தார். எழுநூற்று நாற்பது கிராம்.

"சிஸ்டர், அந்தத் தராசு குறைச்சுக் காட்டுதா பாருங்க" என்றார் அவர். "கொஞ்சம் தட்டிட்டு மறுபடி வையுங்களேன். நான் இந்த வேலைதான் பார்க்கறேன். சில சமயம் குறைச்சுக் காட்டும்."

நர்ஸ் மறுபடி வைத்தார். எழுநூற்று நாற்பது.

பிள்ளை இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் போய்விட்டது. அவளைச் சக்கர நாற்காலியில் கூட்டிவந்து மடியில் கொடுத்தார்கள். அவள் அழவில்லை. துணியை விலக்கிக் கை, கால், காது, விரல் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தாள். "ஒரு குறையும் இல்லியே" என்றாள். "பிள்ளை மேல ஒரு குறையும் இல்லியேங்க."

அவர் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். கழித்தது, டயல், அதற்குள் இருந்த ஊசி, எல்லாம். டாக்டரம்மா வெகு நேரம் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க டயல் தப்புக்கு நான்தான் பொறுப்பு. அதை நீங்க சுமக்காதீங்க" என்றார். "அந்த அஞ்சு காரணமும் இருக்கிறவங்களுக்கு எல்லாத்தையும் சரியாப் பண்ணியும் இது வந்திருக்கு. நானே பார்த்திருக்கேன்."

"சரியான நம்பர் தெரிஞ்சிருந்தா?"

"மாத்திரையைக் கூட்டியிருப்பேன். முன்னாடியே அட்மிட் பண்ணியிருப்பேன்."

"எத்தனை வாரம் கிடைச்சிருக்கும் டாக்டர்?"

"சொல்ல முடியாது."

"சுமாரா?"

"சொல்ல முடியாதுங்க. ரெண்டு வாரம் கிடைச்சிருக்கலாம். ஒரு நாளும் கிடைக்காமலும் போயிருக்கலாம்."

வாழ்நாள் முழுக்க அளந்தே பிழைத்தவருக்கு அதற்கு மட்டும் அளவு கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து எட்டு நாள் ஆயிற்று. அவருடைய அக்கா துணைக்கு வந்திருந்தார். நல்ல மனுஷிதான், ஆனால் வாய்க்குப் பூட்டுக் கிடையாது. "நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை பார்த்தா எப்படித் தங்கும்? நான் அப்பவே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்று வேலை செய்துகொண்டே சொன்னார். முள்ளுக்காரர் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அக்கா, வாயை மூடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எட்டு நாளும் கோழையாகவே இருந்தார். அதைவிட நல்ல வார்த்தை அதற்கு இல்லை.

அவள் அழுவதே இல்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தன் நாட்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், சட்டையைப் பார்ப்பதுபோலவே. எங்கே பிரிந்தது தையல்?

"அஞ்சாம் மாசம் ஒரு நாள் லிஃப்ட் ஓடலன்னு மூணு மாடி ஏறினேன். அதுவா இருக்குமா?"

"இல்ல."

"ஒரு நாள் ராத்திரி மாத்திரையை மறந்துட்டுக் காலையில போட்டேன். உங்ககிட்ட சொல்லல."

"இல்லம்மா."

"சூப்பர்வைசரோட கத்தினேனே, அன்னைக்குப் பூரா உடம்பு நடுங்குச்சு."

ஒன்பதாம் நாள் காலையில் அவளே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். "அன்னைக்கு நீங்க லீவு போடச் சொன்னீங்க. நான்தான் கேக்கல. போயிருக்கக் கூடாது. என் பிள்ளையை நானே முழுங்கிட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு, வழக்கு முடிந்ததுபோலக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

முள்ளுக்காரருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. இதைக் கேட்டுக்கொண்டு இன்னும் ஒரு வேளை சோறு தின்றால் தான் மனுஷனே இல்லை என்று பட்டது. அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். சொன்னார். ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் குறைக்கவில்லை. அவள் போய்விடுவாள், பேச மாட்டாள், அடிப்பாள், எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் சொன்னார். சமையலறையில் அக்காவின் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

அவள் கடைசி வரை கேட்டாள்.

"எத்தனை நாள் கழிச்சீங்க?"

"எழுபத்தோரு நாள்."

"அன்னைக்குக் காலையில நிஜமா எவ்வளவு?"

"நூத்தி நாற்பத்தொன்பது."

அவள் தலையாட்டினாள். மெஷினைத் திட்டவில்லை, டயலைத் திட்டவில்லை. குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நம்பரை விடுங்க. மண்டை பிளக்குதுன்னு நான் சொன்னேனே. கண்ணுல மின்னுதுன்னு சொன்னேனே. என் வாயாலயே சொன்னேனேங்க."

"சொன்னே" என்றார்.

அவ்வளவுதான் அவரால் முடிந்தது. அவள் உதடு கோணியது. பிறகு உடைந்தாள். ஒன்பது நாளாகத் தன்னைக் கூண்டில் ஏற்றி விசாரித்துக்கொண்டிருந்ததில் பிள்ளைக்காக அழ அவளுக்கு நேரமே இருக்கவில்லை. இப்போதுதான், மடியில் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு, "என் பொண்ணு, என் பொண்ணு" என்று அழுதாள். அக்கா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார். அவர் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். கையை நீட்ட அவருக்குத் துணிவு வரவில்லை, அவளும் அவரைக் கூப்பிடவில்லை.